மகாராஷ்டிராவில் விழுந்த வேகச் சலான்கள்: தமிழ்நாட்டில் எடுத்த கனரக உரிமத்தைப் பாதிக்குமா?

ஹலசூரு வாசகி கேட்கிறார்:

பெங்களூரில் லாரித் தொழிலோடு நெருங்கிய பழக்கம் உள்ளவர்கள் இங்கு பலர் இருப்பதால், என் தம்பியின் பொருட்டு இதைக் கேட்கிறேன். அவனுக்குத் தர்மபுரி மாவட்டத்தில் எடுத்த கனரக வாகன உரிமம் இருக்கிறது. திருமணமான பின் பெங்களூருக்குக் குடிவந்து, கலாசிப்பாளையத்திலிருந்து இயங்கும் ஒரு பார்சல் நிறுவனத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தான். தும்கூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், புணே வழியாகப் பிவண்டிக்கு லோடு கொண்டுபோவதும் அங்கிருந்து திரும்புவதும்தான் அவன் வேலை. ஆக, உரிமம் தமிழ்நாட்டுடையது, வண்டி கர்நாடகப் பதிவு, வேகத்துக்கான சலான்களோ மகாராஷ்டிராவில் விழுந்திருக்கின்றன.

அவற்றில் இரண்டு, கேமரா எடுத்த படத்தோடு முதலாளியின் கைப்பேசிக்கு வந்தவை. மூன்றாவது அப்படி வந்ததன்று. சாத்தாராவுக்கு அருகே வேகத்தை அளக்கும் இன்டர்செப்டர் வண்டியோடு நின்ற காவலர்கள் அவனை ஓரங்கட்டச் சொல்லி, உரிமத்தை வாங்கிப் பார்த்து, அதன் எண்ணைக் கையிலிருந்த கருவியில் பதிந்து, ஒரு சீட்டை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உரிம அட்டையை அங்கேயே திருப்பித் தந்துவிட்டார்கள். மூன்றையும் உடனே கட்டிவிடலாம், பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்கிறார்.

இப்போது நெலமங்களா பக்கம் உள்ள ஒரு பெரிய கன்டெய்னர் நிறுவனத்தில் தம்பிக்கு வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. உரிமத்தின் மீது எந்தப் புகாரும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் போட்டிருக்கும் நிபந்தனை. அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். வேறு மாநிலத்துச் சலான் தமிழ்நாட்டு உரிமத்தை ஒன்றும் செய்யாது என்று அவனோடு ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு சலானுக்கும் உரிமத்தில் புள்ளி குறையும், புள்ளி தீர்ந்தால் உரிமம் போய்விடும் என்று யூடியூப் காணொளி ஒன்று சொல்கிறது. குடும்பம் முழுவதும் அந்த ஒரு உரிமத்தை நம்பி இருப்பதால், ஊகமாக எதையும் செய்ய மனம் வரவில்லை. பணத்தைக் கட்டினால் விஷயம் முடிந்துவிடுமா, அல்லது கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகி உரிமத்தின் மேல் பதிவாகுமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

யஷ்வந்தபுரம் லாரி:

அக்கா, அதிகம் யோசிக்க வேண்டாம். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வரும்போது கட்டினால் தொகையும் குறையும். இங்கேயும் 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பாதித் தொகைக்குத் தள்ளுபடி கொடுத்தது, 2025-லும் கொடுத்தது. அதுபோல் ஒன்று வரும்வரை பொறுத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை வெளி மாநிலத்துச் சலானை உரிமத்தில் யாரும் ஏற்றுவதில்லை.

மேயோ ஹால் வழக்கறிஞர்:

சகோதரி, மேலே எழுதியிருக்கும் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கர்நாடகத் தள்ளுபடி கர்நாடகக் காவல்துறை போட்ட சலான்களுக்கு மட்டுமே உரியது. சாத்தாரா சலானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் தம்பியின் மூன்று சலான்களையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசுவது சரியன்று. அவற்றுள் இரண்டு வண்டியின் மேல் விழுந்தவை, ஒன்று உரிமத்தின் மேல் விழுந்தது.

முதலில் மாநில எல்லை பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். அதன் 13-ஆவது பிரிவின்படி தர்மபுரியில் கொடுத்த உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். அதே காரணத்தால், இந்தியாவில் எந்தச் சாலையில் நடந்த குற்றமும் அந்த உரிமத்தின் மேல் நடவடிக்கைக்குக் காரணமாகலாம். வேக வரம்பை மீறுவது சாத்தாராவில் நடந்தாலும் கிருஷ்ணகிரியில் நடந்தாலும் 183-ஆவது பிரிவின் கீழேதான் வரும். இரண்டாவது முறை செய்தால் உரிமத்தைக் கைப்பற்ற வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லும் இடத்தில், அதே மாநிலத்தில் இரண்டாவது முறை என்ற சொற்கள் இல்லை. உரிமத் தகவல்கள் சாரதி என்ற ஒரே மென்பொருளிலும், வண்டித் தகவல்கள் வாகன் என்ற இன்னொன்றிலும் நாடு முழுவதற்குமாக வைக்கப்பட்டிருப்பதால், ஒரு மாநிலத்தில் நடந்ததை இன்னொரு மாநில அதிகாரி பார்ப்பது இன்று கடினமான காரியமும் அன்று.

புள்ளி குறைப்பு என்ற ஏற்பாடு நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. காணொளி தயாரித்தவர் அமெரிக்க மாநிலங்களில் உள்ளதை இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்க வேண்டும். நம் நாட்டில் உரிமம் பாதிக்கப்படும் வழி முற்றிலும் வேறு.

இங்கே கேமரா படம் பிடிப்பது வண்டி எண்ணை. அந்த எண்ணுக்கு உரியவராகப் பதிவேட்டில் இருப்பவர் முதலாளி. ஆகவே சலான் அவர் பெயரில் வருகிறது, நிலுவை வண்டியின் மேல் ஏறுகிறது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் எடுக்கும்போதும் பெர்மிட் புதுப்பிக்கும்போதும் வண்டியை விற்கும்போதும் அது குறுக்கே நிற்கிறது. ஓட்டியவர் யார் என்பது கேமராவுக்குத் தெரியாது. ஆனால் 133-ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், ஓட்டுநரின் பெயர், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. அவர் அப்படிக் கொடுத்து, சலானில் உங்கள் தம்பியின் உரிம எண் சேர்க்கப்பட்டால்தான் அந்தக் குற்றம் வண்டியை விட்டு மனிதனின் பெயருக்கு மாறுகிறது. எனவே அந்த இரண்டு கேமரா சலான்களில் உரிம எண் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் எதையும் கட்ட வேண்டாம்.

சாத்தாராவில் கொடுத்த சீட்டு வேறு வகை. அதில் உரிம எண் ஏற்கனவே பதிந்திருக்கிறது. 183, 184, 185 முதலிய சில பிரிவுகளின் கீழ் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால், உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206-ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்கிறது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கொண்டு மட்டும் நிம்மதி அடைய முடியாது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, ஆவணம் மின்னணு வழியில் சரிபார்க்கப்பட்டுவிட்டால், கைப்பற்ற வேண்டிய குற்றமாக இருந்தாலும் அட்டையை நேரில் கேட்கத் தேவையில்லை. பதிவு தளத்திலேயே நடந்துவிடும்.

அப்படி அனுப்பப்பட்ட உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுப்பது 19-ஆவது பிரிவின் கீழ். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட (1ஏ) உட்பிரிவு, முதல் முறைக்கு மூன்று மாதத் தகுதி நீக்கம், இரண்டாவது முறைக்கு உரிம ரத்து என்று நேராகவே சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆவது விதியிலும், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களின் வரிசையில் வேக வரம்பை மீறுவது இடம்பெற்றிருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கென உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, வேக மீறலுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. ஆகவே இது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கட்டினால் முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அபராதம் முடியும். 183-இன் கீழ் நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று சட்டம் வைத்திருக்கிறது. 200-ஆவது பிரிவின்படி மாநில அரசு அறிவித்த தொகையைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி முடித்துக்கொள்வது 206-இன் நான்காவது உட்பிரிவின் கீழான நடவடிக்கையிலிருந்து விடுவிக்காது என்று அதே பிரிவில் நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது. பணம் ஒரு பாதையிலும் உரிமம் இன்னொரு பாதையிலும் போகின்றன. லோக் அதாலத்தில் பாதிப் பணத்தைக் கட்டி வீட்டுக்கு வந்த ஓட்டுநருக்கு, பிறகு உரிமம் குறித்து நோட்டீஸ் வந்தால் அதில் சட்ட முரண் எதுவும் இல்லை.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. கைப்பற்றி அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிகிறது. வேக மீறலுக்காகக் காவல் அதிகாரி ஒருவர் தாமாகவே 90 நாட்களுக்கு உரிமத்தை நிறுத்திய உத்தரவை, இந்தக் காரணத்தைச் சொல்லியே கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. உரிமம் வழங்கும் அதிகாரியும் ஓட்டுநருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான், காரணங்களை எழுத்தில் பதிந்துதான் உத்தரவிட முடியும். விசாரித்தபின் விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். என் அனுபவத்தில் ஓட்டுநர்கள் உரிமத்தை இழப்பது குற்றத்தின் கனத்தால் என்பதைவிட, அந்த விசாரணைக்குப் போகாததால்தான் அதிகம். நோட்டீஸ் உரிமத்தில் உள்ள முகவரிக்குப் போகும். முகவரி தர்மபுரி, ஆள் பெங்களூரில், பாதி நாள் நெடுஞ்சாலையில். ஊரில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால், அதிகாரி தம்முன் யாரும் வரவில்லை என்று பதிந்து உத்தரவு போட்டுவிடுவார். தம்பியின் இன்றைய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சாரதியில் உடனே மாற்றச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை அது.

ஹலசூரு வாசகி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி, ஐயா. உரிம எண்ணை இட்டு இ-சலான் தளத்தில் பார்த்தோம். சாத்தாரா சலான் வருகிறது, மற்ற இரண்டும் வரவில்லை. வண்டி எண்ணை இட்டால் மட்டும் அவை வருகின்றன. இன்னொன்றையும் கேட்க வேண்டும். மாலையில் பெங்களூரில் வண்டி கிளம்பினால் மறுநாள் மதியத்துக்குள் பிவண்டியில் இறக்கியாக வேண்டும் என்று முதலாளி வாட்ஸப்பில் அனுப்பும் செய்திகள் தம்பியின் கைப்பேசியில் நிறைய இருக்கின்றன. நேரத்துக்குப் போகவில்லை என்றால் பேட்டாவில் கழிப்பார். வேகமாகப் போனால் சலான் பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார். இரண்டு பக்கமும் அவனே இழக்க வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை.

மேயோ ஹால் வழக்கறிஞர்:

நியாயமில்லை என்று சட்டமும் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 183-ஆவது பிரிவு வேகமாக ஓட்டியவரை மட்டும் குறிக்கவில்லை; தம்மிடம் வேலை செய்பவரை வேக வரம்பு மீறி ஓட்டச் செய்தவரும் அதே தண்டனைக்கு உரியவர். அதன் நான்காவது உட்பிரிவு இன்னும் தெளிவானது. ஒரு பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்து, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது நடைமுறையில் இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்தக் கட்டளையே கட்டளையிட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலைச் சான்றாகும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெங்களூரிலிருந்து பிவண்டி ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்குக் கிளம்பி மறுநாள் பகல் பன்னிரண்டுக்குச் சேர வேண்டுமானால் பதினெட்டு மணி நேரம். எங்கும் நிற்காமலே சராசரி 55 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். 2018 ஏப்ரல் மத்திய அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு உச்ச வரம்பு 80, நகர எல்லைக்குள் 60. மலைப்பாதைகளில் உள்ளூர் வரம்பு அதற்கும் கீழே. சுங்கச்சாவடி, சாப்பாடு, டீசல், புணேயைச் சுற்றியுள்ள நெரிசல், ஒரு மனிதனுக்கு வேண்டிய தூக்கம் இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், அந்த நேரம் சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுகிறவனுக்கு எட்டாத நேரம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: இரவெல்லாம் கண் விழித்து அந்த நேரத்தைப் பிடிக்க ஓடும் பையன்களின் விபத்து வழக்குகள்தான் எங்கள் மேசைக்கு வருகின்றன, நேரம் குறித்தவர் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம். தேதி தெரியும்படி படமெடுத்து வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி இன்னும் அங்கே வேலையில் இருப்பதால் இன்றே புகார் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் உரிமம் குறித்து விசாரணை வந்தால், எந்தச் சூழலில் அந்த வேகம் நேர்ந்தது என்பதைக் காட்ட அவை பயன்படும்.

பீன்யா வண்டி மேலாளர்:

வண்டிகளை நிர்வகிக்கும் பக்கத்திலிருந்து சில விவரங்களைச் சேர்க்கிறேன். ஆள் எடுக்கும்போது நாங்கள் பார்ப்பது இரண்டு: சாரதியில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்ற நிலை, இ-சலான் தளத்தில் உரிம எண்ணின் மேல் உள்ள பதிவுகள். அவர் முன்பு ஓட்டிய வண்டிகளின் எண் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தச் சலான்களை அவர் கணக்கில் எழுத மாட்டோம், ஏனென்றால் ஒரே வண்டியை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஆகவே தம்பியின் விஷயத்தில் புதிய நிறுவனம் காணப்போவது சாத்தாரா சலானை மட்டும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, ரசீதையும் காட்டுவது நல்லது. ஒரு வேகச் சலானுக்காக நல்ல ஓட்டுநரை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இன்று எந்த நிறுவனமும் இல்லை. கேட்டபோது இல்லை என்று சொன்னவரை எடுக்கத்தான் தயங்குவோம்.

மகாராஷ்டிரா போக்குவரத்துக் காவல்துறைக்குத் தனியாக ஓர் இ-சலான் தளம் உண்டு. மத்தியத் தளத்தில் நிலுவை இல்லை என்று வந்தாலும், அங்கே வண்டி எண்ணையும் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி நான்கு எண்களையும் இட்டு ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சலான் தவறு என்று நினைத்தால் குறை தெரிவிக்கவும் அங்கே வழி இருக்கிறது. வாட்ஸப்பில் சலான் என்று சொல்லி வரும், கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பை மட்டும் எந்த நிலையிலும் திறக்க வேண்டாம். வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி அது. உண்மையான சலானைத் தளத்தில்தான் பார்க்க முடியும்.

கேமரா சலானைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது படம். லேசர் துப்பாக்கியின் படத்தில் குறிவட்டம் எந்த வண்டியின் மேல் நிற்கிறது, நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறதா, பக்கத்துத் தடத்தில் காரோ பேருந்தோ இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். அடுத்து, அளந்த வேகம். சரக்கு வண்டிகளில் 118-ஆவது விதிப்படி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-க்குப் பூட்டப்பட்டிருக்கும். டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. முழு லோடோடு ஏற்றத்தில் போன வண்டிக்கு 97 என்று சலான் வந்தால், அளவில் பிழை இருக்க வேண்டும், அல்லது அந்தக் கருவியை யாரோ கழற்றியிருக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால் அது ஓட்டுநரைவிட முதலாளிக்குப் பெரிய தலைவலி. பல முதலாளிகள் கேமரா சலானை எதிர்த்துப் பேசாமல் கட்டிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வண்டியில் உள்ள இருப்பிடம் காட்டும் கருவியின் பதிவையும், முன்னும் பின்னும் உள்ள சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கழிந்த நேரத்தையும் எடுத்து வைத்தால், அந்த நிமிடத்தில் வண்டி எங்கே எவ்வளவு வேகத்தில் இருந்தது என்பது தெரிந்துவிடும். இருப்பிடப் பதிவுகள் நீண்ட காலம் இருப்பதில்லை, ஆகவே சலான் வந்த அன்றே இறக்கி வைப்பதுதான் சரி.

2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அந்த இடத்தில் கண்காணிப்பு உண்டு என்ற எச்சரிக்கைப் பலகை வேண்டும், சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. சம்பவத் தேதியையும் செய்தி வந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர், கோலார் தங்கவயல்:

அம்மா, வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றோடு ஒரு முக்கியமான செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். உரிமத்தில் குற்றக் குறிப்பு ஏறிவிட்டால் கர்நாடகத்துக்கு மாற்றிக்கொண்டோ, தொலைந்துவிட்டது என்று சொல்லி நகல் வாங்கியோ சுத்தமாக்கிக்கொள்ளலாம் என்று இடைத்தரகர்கள் ஆசை காட்டுவார்கள். அதற்குப் பணம் கொடுத்துவிட வேண்டாம். சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, அந்தக் குறிப்பு புதிய உரிமத்துக்கும் நகல் உரிமத்துக்கும் கூடவே வரும். ஆனால் அதே பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் புதிய குறிப்பு எதுவும் இல்லாமல் இருந்தால்தான் குறிப்பற்ற உரிமம் கேட்க முடியும். வேக வரம்பை மீறியதற்காக மட்டும் ஏறிய குறிப்பானால் ஓராண்டு போதும். தகுதி நீக்கத்தில் இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது உரிமதாரர்தான், தானாக நீங்காது.

ஒருவேளை மூன்று மாதத் தகுதி நீக்கம் வந்தே விட்டால், அந்த மூன்று மாதமும் தம்பி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஒரே ஒரு லோடு என்று முதலாளி கெஞ்சினாலும் கூடாது. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டுவது 182-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்ற அளவுக்குப் போகும். அந்தக் காலத்தில் விபத்து நேர்ந்தால், தகுதி நீக்கப்பட்டவர் ஓட்டினார் என்பதை 150-ஆவது பிரிவின் கீழ் காப்பீட்டு நிறுவனம் தன் எதிர்வாதமாக வைக்கலாம். இழப்பீடு கடைசியில் முதலாளியின் சொத்தையும் ஓட்டுநரின் கூரையையும் தேடி வரும். காலம் முடிந்ததும் உரிமத்தைத் திரும்பப் பெற, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்த சான்றிதழ் வேண்டும் என்று 19-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. எனவே பயிற்சியை முன்னதாகவே முடித்து வைத்தால், பிறகு அதற்காக ஒரு மாதம் வீணாகாது.

புதுப்பித்தல் குறித்து: போக்குவரத்து வாகன உரிமம் இப்போது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியான பிறகு 30 நாள் செல்லும் என்று பழைய ஓட்டுநர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 30 நாளை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. உரிம எண்ணின் மேல் உள்ள சாத்தாரா நிலுவையைத் தீர்த்துவிட்டுப் புதுப்பிக்கப் போவது நல்லது, இல்லாவிட்டால் அங்கே நிறுத்தி வைத்து அதை முடித்து வரச் சொல்லக்கூடும்.

ஹலசூரு வாசகி:

ஐயா இருவருக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. முகவரி மாற்றத்துக்கு இன்று விண்ணப்பித்துவிட்டோம். கடைசியாக ஒரு சந்தேகம். சாத்தாராவில் அவன் ஓட்டிய வேகம் தனக்குத் தெரியும், அளவு சரிதான் என்று தம்பியே சொல்கிறான். அதை எதிர்க்க விரும்பவில்லை. கேமரா சலான்களில் ஒன்றில் மட்டும் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. சம்பவத் தேதிக்கும் செய்தி வந்த தேதிக்கும் இடையே ஒன்றரை மாதம் இருக்கிறது. அதை எதிர்ப்பதானால் மகாராஷ்டிராவுக்கு நேரில் போக வேண்டுமா?

மேயோ ஹால் வழக்கறிஞர்:

சாத்தாரா சலானைத் தம்பியே தன் கையால் கட்டட்டும். முதலாளி மூலம் கட்டினால் ரசீது அவரிடம் தங்கிவிடும். கட்டிய ரசீது, அச்சிட்ட சீட்டு இரண்டையும் படமெடுத்து உரிமத்தின் நகலோடு ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால், அபராதம் கட்டியதையும், உரிமத்தின் மேல் வேறு பதிவு எதுவும் இல்லை என்பதையும், புத்தாக்கப் பயிற்சிக்குப் போகத் தயாராக இருப்பதையும், நேரம் குறித்து வந்த செய்திகளையும் சேர்த்து எழுத்தில் பதில் கொடுத்து, விசாரணைக்கும் நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டு அதிகாரி முன் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

கேமரா சலானை எதிர்க்க வேண்டியவர் அது யார் பெயரில் இருக்கிறதோ அவர், அதாவது முதலாளி. முதலில் மகாராஷ்டிரா தளத்தில் குறை பதிவு செய்து, ஒன்றரை மாதத் தாமதத்தையும் வண்டியின் இருப்பிடப் பதிவையும் இணைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பயணம் தேவையில்லை. சலான் இணையத்தில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கே கட்டுகிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டு வழிகள் இருக்கும். எதிர்க்கிறேன் என்று கொடுத்தால் வழக்கு அந்த எல்லைக்கு உட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், அப்போது அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டியிருக்கும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் கையில் எடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு சொல்கிறது, அதையும் அவரிடம் நினைவூட்டலாம்.

முதலாளி எதிர்க்க விரும்பாமல் கட்டிவிட்டு அந்தத் தொகையைத் தம்பியின் சம்பளத்தில் பிடிக்க நினைத்தால், அன்று அந்த வண்டியை ஓட்டியது யார் என்பதைக் காட்டும் டிரிப் ஷீட்டைத் தம்பி கேட்க வேண்டும். அந்தத் தேதியில் வண்டி வேறொருவர் கையில் இருந்ததாகத் தெரிந்தால், தொகையை ஏற்க வேண்டாம். தம்பி ஓட்டாத பயணத்துக்கு அவன் உரிம எண்ணை எந்தப் படிவத்திலும் முதலாளி எழுதிக் கொடுக்கக்கூடாது என்பதையும் கடிதமாகவே கொடுத்துவிடுங்கள்.